ஆயக்கட்டு இல்லாத ஏரி: திரும்பி வந்து வரைவது பற்றிச் சில குறிப்புகள்

1

'ரிட்டையர்டு கலை' என்றொரு கேலிச்சொல் நம் வட்டாரத்தில் புழங்குகிறது. பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த மறுமாதமே ஸ்கெட்ச் நோட்டும் வாட்டர்கலர் டப்பாவும் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறவர்களைப் பற்றியது. கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்தக் குறிப்புகளைச் சுயவிமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2015ஆம் ஆண்டு கோடையில், சிட்லபாக்கத்தில் ஒரு காலனியின் நலச்சங்க ஹாலில் நாற்பது நீர்வண்ண ஓவியங்கள் மாட்டப்பட்டிருந்தன. வரைந்தவர் எனக்குத் தெரிந்த தோழர். எழுபதுகளில் தாம்பரம், குரோம்பேட்டை சுவர்களில் எழுதியவர். காவிப்பொடியும் சுண்ணாம்பும் குழைத்து, ராத்திரி பத்து மணிக்குமேல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். எழுத்து மட்டுமில்லை, முகங்களும் வரைவார். 1978இல் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்தது. பிரஷைக் கீழே வைத்தார். 36 வருஷம் கழித்துத்தான் மறுபடி எடுத்தார்.

சுவரில் மாட்டியிருந்ததெல்லாம் ஏரி. செம்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, பெரிய ஏரி, சின்ன ஏரி. முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, மடையான், ஒரு படத்தில் கூழைக்கடா. தண்ணீரில் விழும் சாயங்கால வெளிச்சத்தை நன்றாகவே பிடித்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். "இந்த நாற்பது படத்துல ஒரு மனுஷன்கூட இல்லையே தோழர், எங்க போனாங்க எல்லாரும்?" என்று கேட்டேன். சபை சிரித்தது. அவரும் சிரித்தார். கேள்வி நியாயமானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். கடைசியில் வருகிறேன்.

2

'திரும்பி வருதல்' பற்றி நம்மிடம் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. கலைஞன் ஒருவன் வயிற்றுப்பாட்டுக்காகக் கலையை விடுகிறான், வருஷங்கள் ஓடுகின்றன, ஒருநாள் ஒரு பறவை, ஒரு மரம், ஒரு மழை, உள்ளே உறங்கிக் கிடந்தது விழித்துக்கொள்கிறது. இக்கதையில் இயற்கைக்கு ஒரு மருத்துவச்சியின் வேலை. மனிதர்களுக்கு வேலை எதுவும் கிடையாது.

தமிழ் நவீன இலக்கியத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ந. பிச்சமூர்த்தி. 1900இல் கும்பகோணத்தில் பிறந்தவர். முப்பதுகளில் 'மணிக்கொடி' காலத்தில் சிறுகதையும் வசனகவிதையும் எழுதியவர். வக்கீல் தொழில், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி உத்தியோகம் என்று நீண்ட காலம் போயிற்று. கவிதை அநேகமாக நின்றே போனது. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்குகிறார். அறுபதை நெருங்கும் பிச்சமூர்த்தி மறுபடி கவிதைக்கு வருகிறார். 1962இல் 'காட்டு வாத்து' தொகுதி. தலைப்பிலேயே ஒரு நீர்ப்பறவை. புதுக்கவிதை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தத் திரும்புதலிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பறவையைவிடப் பத்திரிகைதான். செல்லப்பா என்ற மனிதர் கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்தாமல் இருந்திருந்தால், "அனுப்புங்க ஸார், போடறேன்" என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போயிருந்தால், எத்தனை வாத்துகள் தலைக்குமேல் பறந்தும் என்ன? இயற்கை அழைத்தது என்று சொல்லும்போது, கடிதம் போட்டவரையும், புரூஃப் பார்த்தவரையும், சந்தா கட்டிய முகம் தெரியாத வாசகரையும் நாம் அழித்துவிடுகிறோம். பிச்சமூர்த்தியிடம் பெட்டிக்கடை நாரணனும் இருக்கிறான் என்பதையும் மறக்கக்கூடாது. அவனைச் சில்லறை வியாபாரத்தின் கள்ளத்தனத்தோடுதான் கவிதைக்குள் கொண்டுவந்தார். மரத்தையும் பறவையையும் எழுதியவர் அவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது, இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் பார்த்த உலகத்தைக் கழித்துவிட்டு வாசிக்கிற வாசிப்பு.

வங்காளத்தில் தாகூர் அறுபது தாண்டித்தான் ஓவியராகிறார். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய சொற்களின் மேல் கோடு இழுத்து இழுத்து, அந்த அடித்தல்கள் மிருகங்களாகவும் முகங்களாகவும் மாறின. 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி. அவர் வரைந்த இயற்கை சாந்தமானது இல்லை. அடையாளம் தெரியாத பிராணிகள், இருட்டிய மரங்கள். பிற்காலத்து நடை பற்றி எழுதிய அடோர்னோவும், அவரைத் தொடர்ந்த எட்வர்ட் சையதும் (அவருடைய நூல் 2006இல், அவர் மறைவுக்குப் பிறகு வந்தது) சொல்வதும் இதை ஒட்டித்தான்: முதுமையின் கலை சமரசமாகவும் கனிவாகவும்தான் இருக்கும் என்பது நம்முடைய எதிர்பார்ப்பு, பெரிய கலைஞர்கள் அந்த எதிர்பார்ப்பை உடைத்திருக்கிறார்கள். 'வயசானா எல்லாம் அடங்கிடும்' என்பது குடும்பத்தின் நம்பிக்கை. கலை அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

3

அடுத்த கேள்வி, யார் திரும்பி வர முடிகிறது என்பது.

தென்சென்னையின் கடற்கரை ஓரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் 1966இல் முயன்று பார்க்கப்பட்டது. கே. சி. எஸ். பணிக்கர், ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். பணிக்கரே தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். படித்து முடித்த பையன்கள் வங்கியிலும் விளம்பரக் கம்பெனியிலும் கரைந்து போவதைக் கண்டவர். பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுக் காசு சேர்த்து, நிலம் வாங்கி, அங்கேயே குடியிருந்து வரைவது என்பது திட்டம். பகல் பாதி கைத்தொழில், மீதி கலை. விட்டுவிட்டு அறுபது வயதில் திரும்பும் நிலைமையே வராமல் செய்வதுதான் அதன் அரசியல் என்று நான் வாசிக்கிறேன். அதன் அழகியல் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதன் பொருளாதாரம் பற்றித்தான் இன்னும் பேச வேண்டும். அதுபோல இன்னொன்று கிளம்புவதற்கு இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை இடம் தராது.

சோழமண்டலத்துக்குப் போக முடியாத கலைஞர்களும் இதே புறநகரில் இருந்தார்கள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போர்டு எழுதும் கடைகள். தெருவில் 'ஆர்ட்டிஸ்ட்' என்றால் அவர்கள்தான். வேறு யாரையும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. நம் தோழர் பிரஷ் பிடிக்கக் கற்றது அப்படி ஓர் ஆர்ட்டிஸ்டிடம். எழுத்துக்கு நிழல் போடுவது, முகத்துக்குக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, எனாமலில் டர்பன்டைன் எவ்வளவு சேர்ப்பது எல்லாம் அங்கேதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் பத்தடி முகம் அச்சாகி வந்தால் பிரஷுக்கு என்ன வேலை? அந்த ஆர்ட்டிஸ்ட் கட்டடங்களுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனார். பென்ஷன் கிடையாது. அவர் கலையை விடவில்லை, கலையிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். ஏரிக்கரையில் ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார அவருக்கு ஒரு சாயங்காலம் கிடைக்குமா?

ஆக, 'திரும்புதல்' என்ற சொல்லே மாதச் சம்பளம் வாங்கியவனின் சொல். விட்டுப்போக ஓர் இடம், பிடித்துக்கொள்ள ஒரு வேலை, கடைசியில் ஓய்வு என்று ஒரு காலம்: இந்த மூன்றும் உள்ளவனுக்குத்தான் அந்தக் கதை பொருந்தும்.

4

தோழரின் மனைவி அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்தார். காபி கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், "நீங்களும் சின்ன வயசுல வரைவீங்களாமே, திரும்ப ஆரம்பிக்கலாமே அம்மா" என்று சும்மா கேட்டுவைத்தேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்க தம்பி விட்டேன், திரும்பறதுக்கு?"

அவர் சொன்னது கோலத்தை. தினமும் விடிகாலையில், கல்யாணமான நாளிலிருந்து, பிரசவத்துக்கும் தீட்டுக்கும் சாவுக்கும் விட்ட நாட்கள் போக.

இந்தத் தாம்பரத்தில் கோலத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1937இல் நகரத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் எழுபதுகளில் கோலத்தை எடுத்துக்கொண்டு கணித ஆய்வு செய்தார்கள். புள்ளியும் கோடும் வளைவும் திரும்பத் திரும்ப விரியும் விதத்தை, மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டிய அவர்களுடைய கட்டுரை 1974இல் வெளியானது. கணினியியலில் 'பட மொழி' என்று அறியப்படும் துறையில் நம் வாசல் கோலத்துக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். அழிந்துபோவதற்கென்றே போடப்படும் ஒன்றுக்குள் கறாரான இலக்கணம் இருக்கிறது என்று கணிதக்காரர்கள் கண்டுகொண்டார்கள். கலை விமர்சகர்களான நாம் அதுவரை, அதற்குப் பிறகும்கூட, அதைப் 'பெண்டுகள் வேலை' என்றே வைத்திருந்தோம்.

கோலத்தைப் புனிதப்படுத்துவது என் நோக்கமில்லை. எந்த வாசலில் யார் கோலம் போடலாம், யார் வாசல் தெளிக்க மட்டும் வரலாம் என்பதில் சாதி இருக்கிறது. தீட்டு என்ற கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அவருடைய வாசலும் இன்று இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று; மூன்றாவது மாடியில் இரண்டடி டைல்ஸ் இடம், அதில் ஈர்க்குச்சி கனத்தில் நாலு புள்ளிக் கோலம். பக்கத்துக் கதவில் ஸ்டிக்கர். எனினும் அவர் விட்டுவிடவில்லை. கணவர் 36 வருஷம் கழித்துப் பிரஷைத் தொட்டதற்கு ஹால் எடுத்துக் கண்காட்சி. விட்டுவிடாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் காபித் தட்டு. இந்த ஏற்பாட்டைப் பார்க்காமல் 'திரும்புதல்' பற்றி எழுதினால் அது பாதிக் கட்டுரைதான்.

5

இனி ஏரிக்கு வருவோம்.

பழைய செங்கல்பட்டு ஏரி மாவட்டம். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயரே நீர்க்கணக்கைச் சொல்லும்: பழவந்தாங்கல், பள்ளிக்கரணை, பீர்க்கன்கரணை. ஒவ்வோர் ஏரிக்கும் வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், போக்குக் கால்வாய், கீழே ஆயக்கட்டு. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் இருந்தது. எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதில் சாதியும் சண்டையும் இருந்தன. ஏரி அன்றைக்குக் 'காட்சி'யாக இருக்கவில்லை.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாதையை ஒட்டி ஊர் வளர்ந்தது. எழுபது, எண்பதுகளில் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. மாதச் சம்பளக்காரர்கள், நானும் தோழரும் சேர்த்துத்தான், கூட்டுறவுக் கடனிலும் சீட்டுப் பணத்திலும் கால் கிரவுண்டு, அரைக் கிரவுண்டு வாங்கினோம். கீழே பாசனம் இல்லாத ஏரிக்கு மதகு எதற்கு? மதகு துருப்பிடித்தது. கால்வாய் தெருவானது. மிச்சம் இருந்த நீர்ப்பரப்பில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தன. பிறகு கரையில் நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, பெயர்ப்பலகை வைத்து 'இயற்கை' ஆக்கினார்கள். ஏரியை நாம் ரசிக்கத் தொடங்கியது ஆயக்கட்டு செத்த பிறகுதான். ஆங்கிலக் கவிதையின் கிராமப்புற வர்ணனைகளை ஆராய்ந்த ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வரும்: உழைப்பவன் அகற்றப்பட்ட பிறகே நிலம் அழகிய காட்சியாக எழுதப்படுகிறது.

இதற்கு வில்லியம்ஸ்வரைகூடப் போக வேண்டாம். திணைக் கோட்பாடு இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருளில் மாவும் மரமும் புள்ளும் மட்டுமா வருகின்றன? தெய்வம், உணவு, பறை, தொழில் எல்லாம் வருகின்றன. தோழரின் நாற்பது படங்களிலும் மரமும் புள்ளும் இருந்தன. உணவும் பறையும் தொழிலும் இல்லை. கரையோரம் மீன்பிடிப்பவர், ஆகாயத்தாமரை வாரும் ஒப்பந்தக் கூலி, கரையிலேயே குடிசை போட்டு, 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லப்பட்டு அகற்றப்பட்டவர்கள் யாரும் இல்லை. பட்டா வாங்கிய ஆக்கிரமிப்பாளர்களான நாமும் இல்லை. திணையைச் சங்கப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு திரிந்தால் பாலை என்பது இளங்கோ தரும் விளக்கம். மருதம் திரிந்தால் என்ன பெயர் என்று எந்தப் பழம்நூலும் சொல்லவில்லை. மருதம் திரிந்த நிலத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

6

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எங்கள் தெருக்களிலும் பழைய கால்வாய்கள் தங்கள் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன. தோழரின் வீட்டில் இடுப்பளவு. நாற்பதில் முப்பதுக்கும் மேல் கரைந்து போயின. நீர்வண்ணம் அல்லவா.

ஒரு வருஷம் அவர் எதையும் வரையவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்தக் கோடையில் கேட்ட கேள்விக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சொன்னது:

"நீங்க கேட்டது சரிதான் தோழர், அதுக்கு வருத்தப்படாதீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். 36 வருஷம் நான் எதையும் பார்க்கலை. பஸ்ஸு, ரயிலு, ஆபீஸு, யூனியன் மீட்டிங். யூனியன்லகூட மனுஷங்க மூஞ்சியைப் பார்த்தேன்னு சொல்ல முடியாது, கையைத்தான் எண்ணினேன். ரிட்டையர் ஆனப்புறம் அந்த முக்குளிப்பான் முங்கிட்டு எங்க எழும்பும்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, அதுதான் பார்க்கறதுக்குப் பழகின முதல் பாடம். முதல் பாடத்துலயே எல்லாத்தையும் கேட்டா எப்படி?"

எனக்குப் பதில் இல்லை. இயற்கை தப்பியோடும் இடம் என்றே நான் வைத்திருந்தேன். அவருக்கு அது கண்ணைத் தீட்டிக்கொள்ளும் இடமாக இருந்திருக்கிறது. அரசியல் பேசும் நம்மில் எத்தனை பேர் ஒரே விஷயத்தை ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறோம்? 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விடாமல் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன் காட்டு யானையைப் பார்த்த அதே கவனத்தோடு வீட்டுப் பல்லியையும் காக்கையையும் பார்த்தார். தன் எழுத்துக்குத் தானே படமும் வரைந்தார். அப்படிப் பார்ப்பது ஓர் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் இல்லாத விமர்சனத்திடம் கோஷம்தான் மிஞ்சும். அதற்காக, பார்ப்பதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பாடத்திலேயே தங்கிவிட்டவர்களின் ஏரிப் படங்கள் எத்தனையோ வரவேற்பறைகளில் சோபாவுக்கு மேலே தொங்குகின்றன.

2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 1,247 ஹெக்டேர். பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைக்கிடங்கு. அந்த வருஷம் தோழர் மறுபடி வரைய ஆரம்பித்திருந்தார். பறவைகள் இருந்தன, குறைவாக. துருப்பிடித்த மதகின் ஷட்டர் ஒன்று. ஆகாயத்தாமரையைக் கரையில் இழுத்துப் போடும் இரண்டு பெண்கள். அவர்கள் முகத்தைத் தூரத்துப் புள்ளியாக விடாமல், அந்தக் காலத்துச் சுவர் முகங்களைப்போலக் கட்டம் போட்டு, உழைத்து வரைந்திருந்தார். நீர்வண்ணம் இல்லை, எனாமல். போர்டு எழுதக் கற்றுக்கொடுத்த ஆர்ட்டிஸ்டைத் தேடிப் போய், எந்தப் பிராண்டு, எவ்வளவு டர்பன்டைன் என்று கேட்டுவந்தாராம். அவரையும் கூட்டிவந்து ஒரு மூலையில் வரையச் சொல்லியிருக்கிறார். "கைக்கூலி கொடுத்தேன், வாங்கிக்கிட்டார். சும்மா வரையச் சொன்னா அது தப்பு இல்லியா" என்றார்.

கடைசியாக ஒரு படம் காட்டினார். மழை நாள். கலங்கல் இருந்த இடம். அதன்மேல் வரிசையாக வீடுகள், வாசல்களில் முழங்கால் தண்ணீர். மூன்றாவது வீட்டு வாசலில் குனிந்து நின்று ஒரு பெண் தண்ணீரை முறத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறாள். தண்ணீருக்கு அடியில் கோலத்தின் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன.

"இது யார் வீடு தோழர்?" என்று கேட்டேன்.

"எங்க வீடு. இடிக்கறதுக்கு முன்னாடி." விரலை இரண்டு வீடு தள்ளி நகர்த்தினார். "இது உங்களுது. மாடிப்படி சரியா வந்திருக்கா, பாருங்க."

சரியாகத்தான் வந்திருந்தது.